ஹைட்ரோ டெஸ்டுக்கு முன் குழாய் லைனைத் தயார் செய்வது: முழுமையான வழிகாட்டி

ஹைட்ரோ டெஸ்ட் என்றால் குழாயில் தண்ணீரை நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றி, ஒழுகாமல் தாங்குகிறதா என்று பார்ப்பது. டெஸ்ட் அன்று பம்ப் ஓடுவது கால் மணி நேரம்தான். டெஸ்ட் தேறுவதும் தேறாததும் அதற்கு முந்தைய மூன்று நாள் வேலையில் இருக்கிறது. புதிதாக வரும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. பையன்கள் நேராகப் பம்ப் பக்கம் போய் நிற்பார்கள். கேஜ் (அழுத்தமானி) முள் ஏறுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை. முள் ஏறாமல் நின்றால் பம்பைத் திட்டுவார்கள். காரணம் முந்தாநாள் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு வென்டில், அதாவது காற்று வெளியேறும் வாயில், இருக்கும்.

வரிசைக்கு ஒரே விதிதான்: தண்ணீர் உள்ளே போனபின் செய்ய முடியாத வேலை எதுவோ, அது முதலில் முடிய வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

கணக்குக்கு ஒரு லைனை வைத்துக்கொள்வோம். 6 இன்ச், ஷெட்யூல் 40 (குழாய்ச் சுவரின் தடிப்பு வகை), கார்பன் ஸ்டீல் கூலிங் வாட்டர் லைன். நீளம் 100 மீட்டர். தரையிலிருந்து கிளம்பிப் பைப் ரேக்கில் 12 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. கிளாஸ் 150 ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு; கிளாஸ் என்பது அது தாங்கும் அழுத்த வகை). டிசைன் பிரஷர் 10 பார்.

1. காகிதத்தில் எல்லையைப் போடுங்கள்

டெஸ்ட் பேக்கேஜில் (டெஸ்டுக்கான காகிதக் கட்டில்) குறைந்தது இவை இருக்க வேண்டும்: எல்லை குறித்த பி.அண்ட்.ஐ.டி. (குழாய்களும் கருவிகளும் காட்டும் வரைபடம்), அந்த லைனின் ஐசோமெட்ரிக் (முப்பரிமாண) டிராயிங்குகள், வெல்டு பதிவேடு, ரேடியோகிராபி (வெல்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது) கிளியரன்ஸ், கேஜ் சான்றிதழ்கள். எல்லையைக் கலர் பேனாவால் போடுங்கள். எந்த ஃபிளாஞ்சில் தொடங்கி எந்த ஃபிளாஞ்சில் முடிகிறது, நடுவில் எந்தக் கிளை உள்ளே, எது வெளியே என்று படத்தைப் பார்த்தவுடனே தெரிய வேண்டும். பிளைண்ட் (குழாயை அடைக்கும் மூடி) போடும் ஃபிட்டர் கையில் இருக்கப்போவது இந்தப் படம்தான்.

அடுத்தது டெஸ்ட் பிரஷர். ஏ.எஸ்.எம்.இ. பி31.3 என்ற குழாய் வேலை விதித்தொகுப்பின்படி டிசைன் பிரஷரைப்போல் 1.5 மடங்கு, நம் லைனுக்கு 15 பார். அதிக வெப்பத்தில் ஓடும் லைனுக்கு இதோடு இன்னொரு பெருக்கலும் உண்டு. சூட்டில் உலோகத்தின் பலம் குறையும், டெஸ்டோ குளிர்ந்த குழாயில் நடக்கிறது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவதற்காக. அதை டிசைன் ஆட்கள் போட்டுத் தருவார்கள். சைட்டில் யாரும் மனக்கணக்குப் போட வேண்டாம்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 10 மீட்டர் தண்ணீர் உயரம் ஏறத்தாழ 1 பார். நம் லைனில் கீழ்க் கேஜில் 15 காட்டினால் ரேக் மேலே 13.8தான் இருக்கும்; மேலே உள்ள வெல்டு டெஸ்ட் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். மேலே 15 வர வேண்டுமானால் கீழே 16.2 காட்ட வேண்டும். அந்த 16.2-ஐக் கீழே உள்ள எல்லாப் பொருளும் தாங்குமா என்பதையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு எண்ணையும் பேக்கேஜின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

2. படத்தோடு லைனை நடந்து பாருங்கள்

ஐசோமெட்ரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க வேண்டும். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பது இதில் சேராது. ஸ்காஃபோல்டிங் ஏறித்தான் ஆக வேண்டும்.

பார்க்க வேண்டியவை: சப்போர்ட் எல்லாம் வைத்தாயிற்றா, வால்வு அம்புக்குறி சரியான பக்கம் இருக்கிறதா, போல்ட் முழு நீளம் இருக்கிறதா, கேஸ்கெட் சொன்ன வகைதானா, வென்டும் டிரெயினும் படத்தில் உள்ள இடத்தில் இருக்கின்றனவா. குறைகளைப் பஞ்ச் லிஸ்டில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். டெஸ்டுக்கு முன் முடித்தே ஆக வேண்டியது ‘ஏ’. பிறகு செய்தாலும் பரவாயில்லை என்பது ‘பி’. பெயின்ட் டச்சப் ‘பி’. விட்டுப்போன ஒரு சப்போர்ட் ஷூ ‘ஏ’, ஏனென்றால் அதைக் குழாயோடு வெல்டு செய்ய வேண்டும்.

அவசரத்தில் ‘ஏ’-வைத் தூக்கி ‘பி’-யில் போடும் பழக்கம் எல்லா சைட்டிலும் இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர் நீங்கள் என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

3. குழாயைத் தொடும் வெல்டு வேலையை முடித்துவிடுங்கள்

டெஸ்ட் முடிந்த லைனில் பிறகு வெல்டு வைத்தால் ‘மறுபடி டெஸ்ட் வேண்டுமா’ என்ற பேச்சு வரும். அதனால் தெர்மோவெல் பாஸ் (வெப்பமானி மாட்டும் பொருத்து), கேஜ் எடுக்கும் சிறு கிளை, சப்போர்ட் பேட், எதுவானாலும் முன்னாலேயே. ரேடியோகிராபியும் அப்படித்தான். ஹீட் ட்ரீட்மென்ட் தேவைப்படும் லைன் என்றால் அதுவும் முடிந்திருக்க வேண்டும்.

வெல்டு மேல் உள்ள ஸ்லாக்கை (உறைந்த கசடை) தட்டி எடுத்து, வயர் பிரஷ் போட்டு, பளிச்சென்று விடுங்கள். அழகுக்காக இல்லை. ஊசிமுனைத் துளை ஒன்றை ஸ்லாக்கோ பெயின்டோ கொஞ்ச நேரம் அடைத்து வைத்திருக்கும். டெஸ்ட் தேறிவிடும், ஆறு மாதம் கழித்து ஒழுகும். அதனால் வெல்டு இணைப்புகளுக்குப் பெயின்டும் இன்சுலேஷனும் டெஸ்டுக்குப் பிறகே.

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பேட் (கிளை சேரும் இடத்தில் பலத்துக்கு வைக்கும் தகடு) உள்ள கிளை இருந்தால் அதில் ஒரு சிறு துளை இருக்கும். தண்ணீர் டெஸ்டுக்கு முன்பே அந்தத் துளை வழியாக 1 பார் அளவு காற்று கொடுத்து, பேடின் வெல்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் துளையைத் திறந்தே விடுங்கள். புதிய ஆட்கள் பலர் ‘ஓட்டை இருக்கிறதே’ என்று நல்லெண்ணத்தில் பிளக் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடைத்துவிட்டால், பேடுக்கு அடியில் உள்ள வெல்டு ஒழுகினாலும் வெளியே தெரிய வழியில்லை. அந்தத் துளை இருப்பதே காட்டிக்கொடுக்கத்தான்.

4. உள்ளே கிடக்கும் குப்பை

ஸ்பூலை (முன்கூட்டியே வெல்டு செய்து வைத்த குழாய்த் துண்டை) தூக்கி மாட்டும் முன்பே இரு முனையிலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெல்டிங் ராடு துண்டு, கிரைண்டிங் தூள், காட்டன் வேஸ்ட், ஒற்றைக் கையுறை எல்லாம் நான் எடுத்திருக்கிறேன். ஒருமுறை பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட் வந்தது.

மாட்டி முடித்த லைனில் கம்ப்ரஸர் காற்றை ஊதி வெளியேற்றுங்கள். முழு ஃபிளஷிங் டெஸ்டுக்குப் பிறகும் நடக்கும். ஆனால் பெரிய குப்பை இப்போதே போக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பும்போது அது வால்வு சீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

5. கழற்ற வேண்டியவை

டெஸ்ட் பிரஷரைத் தாங்காததும், அழுக்குத் தண்ணீர் பட்டால் கெட்டுப்போவதும் லைனில் இருக்கக் கூடாது. கன்ட்ரோல் வால்வு, ஃப்ளோ மீட்டர், ஆரிஃபிஸ் பிளேட், ரப்சர் டிஸ்க், சேஃப்டி வால்வு, ஸ்ட்ரெய்னர் வலை, இன்ஸ்ட்ருமென்ட் கேஜுகள் எல்லாம் வெளியே. எடுத்த இடத்தில் அதே நீளத்துக்கு டம்மி ஸ்பூலோ பிளைண்டோ வரும். எடுத்த பொருளின் வாயைப் பிளாஸ்டிக் மூடியால் மூடி, டேக் எண் கட்டி, ஸ்டோரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ரேக் அடியில் சாய்த்து வைத்த கன்ட்ரோல் வால்வு மறுநாள் அதே இடத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாது.

செக் வால்வு இருந்தால், தண்ணீர் அதன் அம்புக்குறித் திசையில் போகுமாறு நிரப்பும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் உள்ளே இருக்கும் ஃப்ளாப்பரை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வால்வுக்கு அந்தப் பக்கம் வெறும் குழாய்தான்.

லைனிலேயே இருக்கும் கேட் வால்வுகள் திறந்திருக்க வேண்டும். பால் வால்வைப் பாதி திறந்து வையுங்கள்; அப்போதுதான் பாலைச் சுற்றி உள்ள இடைவெளியிலும் தண்ணீர் நிறையும்.

6. பிளைண்டும் ஸ்பேடும்

ஸ்பேடு என்பது இரு ஃபிளாஞ்சுக்கு நடுவே செருகும் அடைப்புத் தகடு. இந்த வேலையில் ஆபத்து அதிகம் இருப்பது இங்கேதான். கணக்கைப் பாருங்கள். 6 இன்ச் ஷெட்யூல் 40 குழாயின் உள்விட்டம் 154 மில்லிமீட்டர். பரப்பு சுமார் 186 சதுர சென்டிமீட்டர். 15 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 15 கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் கிட்டத்தட்ட 2.8 டன். ஒரு பெரிய வேனின் எடை அந்த ஒரு மூடி மேல் உட்கார்ந்து தள்ளுகிறது.

நானே பார்த்த ஒரு சம்பவம். ஒரு சைட்டில் பிளைண்ட் பற்றாக்குறை. 5 மில்லிமீட்டர் பிளேட்டை வட்டமாக வெட்டி, ஓட்டை போட்டு மாட்டிவிட்டார்கள். 11 பாரில் பிளேட் தொப்பை தள்ளி, கேஸ்கெட் ஒரு பக்கம் பிதுங்கி, தண்ணீர் வாள் மாதிரி சீறியது. எதிரே ஆள் இல்லாதது அதிர்ஷ்டம். கிளாஸ் 150-இன் 6 இன்ச் பிளைண்ட் ஃபிளாஞ்ச் ஓர் அங்குலத் தடிப்பில் இருப்பது சும்மா இல்லை. ஸ்பேடு வெட்டிச் செய்வதானால் தடிப்பை இன்ஜினியர் கணக்குப் போட்டு, பிளேட் மேலேயே பெயின்ட் பேனாவில் எழுதித் தர வேண்டும். எழுத்து இல்லாத பிளேட்டை மாட்ட மாட்டேன் என்று சொல்ல ஃபிட்டருக்கு உரிமை உண்டு.

மூடிய வால்வைப் பிளைண்டாக வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். வால்வின் பாடி தாங்கும் அளவு வேறு, மூடிய சீட் தாங்கும் அளவு வேறு. சீட்டைப் பொதுவாக ரேட்டிங்கின் 1.1 மடங்கில்தான் சோதித்து அனுப்புகிறார்கள். அதோடு சீட் கொஞ்சம் விட்டாலும் பிரஷர் இறங்கும். எங்கே ஒழுகுகிறது என்று லைன் முழுக்கத் தேடி நாள் போய்விடும். ஸ்பேடு போடுவதே வேலை குறைவு.

போல்ட் முறுக்கும்போது எதிர் எதிராக மாற்றி மாற்றிப் போங்கள். 6 இன்ச் கிளாஸ் 150-இல் எட்டு போல்ட். முதல் சுற்றில் லேசாக, இரண்டாம் சுற்றில் பாதிக்கு மேல், மூன்றாவதில் முழு இறுக்கம். ஒரே போல்டை முதலிலேயே முழுதாக இறுக்கினால் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கி, எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். நிலையாக இருக்கப்போகும் இணைப்பில் நிலையான கேஸ்கெட்டைப் போடுங்கள். பிறகு பிரிக்கப்போகும் பிளைண்டுக்குத் தற்காலிகக் கேஸ்கெட் போதும். பிரித்த ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை நசுங்கியது மறுபடி பிடிக்காது.

7. தண்ணீர் எடையைத் தாங்குமா?

நம் லைன் தண்ணீருக்கென்றே போட்டது, கவலையில்லை. கேஸ் லைன், ஸ்டீம் லைன் என்றால் நின்று யோசியுங்கள். 12 இன்ச் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 73 கிலோ தண்ணீர் பிடிக்கும். காற்றுப்போல் லேசான பொருளுக்குப் போட்ட சப்போர்ட்டுகளுக்கு நடுவே தற்காலிகத் தாங்கு வைக்க வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங் ஹேங்கரில் கம்பெனியில் போட்டு வந்த பூட்டுப் பின் இருக்கிறதா பாருங்கள். டெஸ்ட் முடியும்வரை அது இருக்க வேண்டும். அழகாக வேலை செய்வதாக நினைத்து முன்பே உருவிவிட்டால், தண்ணீர் எடையில் ஸ்பிரிங் அடிவரை இறங்கிவிடும். பெல்லோஸ் (நீண்டு சுருங்கும் மடிப்புக் குழாய்) இருந்தால் கழற்றுவது நல்லது. கழற்ற முடியாவிட்டால் நீளாதபடி டை ராடு போட்டுக் கட்ட வேண்டும்.

8. உச்சியில் வென்ட், அடியில் டிரெயின்

குழாய் எங்கெல்லாம் ஏறி இறங்குகிறதோ, அந்த ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வென்ட் வேண்டும். படத்தில் இல்லாவிட்டாலும், அங்கே ஒரு ஃபிளாஞ்ச் இருந்தால் அதைக் காற்றுப் போகும் வழியாக வைத்துக்கொள்ளலாம். வால்வைச் சுற்றிப் போகும் பைபாஸ் லூப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதன் மேல்முனையில் காற்று உட்கார்ந்துவிடும்.

காற்றுக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்காது, காற்று நன்றாக அமுங்கும். அமுங்கிய காற்று வில்லில் நாண் ஏற்றியதுபோல் சக்தியைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் மட்டும் உள்ள குழாய் விட்டால் ஒரு சீறலோடு பிரஷர் விழுந்துவிடும். காற்று உள்ள குழாய் விட்டால் துண்டு பறக்கும். தண்ணீருக்குப் பதில் காற்றிலேயே டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று யாராவது சுலப வழி சொன்னால், அது தனி அனுமதியும் தனி ஏற்பாடும் வேண்டிய வேறு வேலை என்று சொல்லிவிடுங்கள்.

9. தண்ணீர் எங்கிருந்து, எங்கே போகும்

கார்பன் ஸ்டீலுக்கு வண்டல் இல்லாத சுத்தமான தண்ணீர் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் குளோரைடு பார்க்க வேண்டும். பெரும்பாலான ஸ்பெசிஃபிகேஷன்களில் 50 பி.பி.எம். வரைதான் அனுமதி. கடலோரத்தில் போர்வெல் தண்ணீரைச் சும்மா நம்பக் கூடாது. லேப் ரிப்போர்ட் வாங்குங்கள். டெஸ்ட் முடிந்து குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் வற்றும்போது உப்பு அடர்ந்து, பிறகு சூடேறும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெடிப்பு விடும்.

வெளியேற்றும் வழியையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நம் லைனில் 1,860 லிட்டர் இருக்கிறது. கேபிள் டிரெஞ்சில் அதை விட்டுவிட்டு எலக்ட்ரிக்கல் ஆட்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

10. கேஜ், பம்ப், ஹோஸ்

குறைந்தது இரண்டு கேஜ்: கீழே ஒன்று, மேலே ஒன்று. காலிபரேஷன் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். கேஜ் எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றுதானா என்று டயலைத் திருப்பிப் பாருங்கள். அளவு, டெஸ்ட் பிரஷரின் ஒன்றரை மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் இடையில். நமக்கு 0–25 அல்லது 0–40 பார் கேஜ் பொருந்தும். 100 பார் கேஜை மாட்டினால் 15 என்பது டயலின் ஓர் ஓரத்தில் கிடக்கும், அரை பார் இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது.

கேஜ் லைனில் இருக்க வேண்டும், பம்பில் மட்டும் இருந்தால் போதாது. பம்புக்கும் லைனுக்கும் நடுவில் உள்ள வால்வை மூடியதும் பம்ப் கேஜ் தன் கதையை மட்டும்தான் சொல்லும். பம்ப் பக்கம் டெஸ்ட் பிரஷருக்குச் சற்று மேலே செட் செய்த ரிலீஃப் வால்வும் வேண்டும். ஹோஸின் ரேட்டிங்கைப் படித்துப் பாருங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் அல்ல இது.

11. நிரப்புவது

அடியிலிருந்து நிரப்புங்கள், மெதுவாக. எல்லா வென்டும் திறந்திருக்கட்டும். தண்ணீர் ஏற ஏறக் காற்று அதற்கு முன்னே ஓடும். ஒவ்வொரு வென்டிலும் முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு துப்பித் துப்பித் தண்ணீர், பிறகு ஒரே சீரான ஒழுக்கு. சீரானபின் இன்னும் இரண்டு நிமிடம் விட்டு, தாழ்வான வென்டிலிருந்து உச்சி வரை வரிசையாக மூடுங்கள்.

காற்று போய்விட்டதா என்று சந்தேகமா? பம்ப் தண்ணீர் எடுக்கும் டிரம்மில் ஓர் அளவுக் கோடு போடுங்கள். நம் 100 மீட்டர் லைன் காற்றில்லாமல் நிறைந்திருந்தால், 15 பார் ஏறுவதற்கு இரண்டு லிட்டர்கூட உள்ளே போகாது. எங்கேயோ 50 லிட்டர் காற்று மாட்டியிருந்தால் 45 லிட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கும். டிரம் சரசரவென்று இறங்குகிறது, முள் சோம்பேறித்தனமாக ஏறுகிறது என்றால் நிறுத்துங்கள். பிரஷரை முழுதாக இறக்கி வென்டைத் திரும்பத் திறங்கள். பைபாஸ் லூப்பை முதலில் பாருங்கள்.

நிறைந்த லைனை வெயிலில் மூடி வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு சித்திரை மாதம் நாங்கள் 3 பாரில் மூடி வைத்துச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது முள் 20-ஐத் தாண்டி நின்றது. யாரும் பம்பைத் தொடவில்லை. காற்றில்லாமல் நிறைந்த குழாயில் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி சூடேறினால் பிரஷர் நான்கைந்து பார் ஏறும். அன்றிலிருந்து இடைவேளை என்றால் முதலில் ஒரு வென்டைத் திறந்துவிட்டுத்தான் கையைக் கழுவுவேன். டெஸ்டும் விடிகாலையில்தான்.

12. பிரஷர் ஏற்றும் முன் கடைசி ஒரு மணி நேரம்

பர்மிட் கையெழுத்து, சிவப்பு டேப், போர்டு. பிளைண்டுக்கு நேர் எதிரே யாரும் நிற்காதபடி வேலி அந்தப் பக்கம் நீளமாக இருக்க வேண்டும். ஸ்காஃபோல்டிங்கில் பெயின்டர் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று ஏறிப் பாருங்கள். கீழிருந்து கூப்பிட்டால் போதாது, காதில் பஞ்சு இருக்கும்.

முதலில் 3, 4 பாருக்கு ஏற்றி நிறுத்தி, எல்லா ஃபிளாஞ்சையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பெரிய ஒழுக்கு எல்லாம் இங்கேயே வந்துவிடும். ஒழுகினால் பிரஷரைப் பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகே ஸ்பேனர் போட வேண்டும். ‘ஒரு கால் திருப்புதானே’ என்று பிரஷரில் இறுக்கப் போகும் ஆளை வேலையை விட்டே இறக்கிவிடுங்கள்.

அப்புறம் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்திப் பார்த்து, 16.2-க்குக் கொண்டுபோகலாம். பி31.3 கேட்பது குறைந்தது 10 நிமிடம். அதற்குள் எல்லா இணைப்பையும் பார்த்து முடிக்க முடியாவிட்டால் முடியும்வரை வையுங்கள்.

13. பிளைண்ட் பதிவேடு

இதை டெஸ்ட் அன்று தொடங்கினால் தாமதம். முதல் ஸ்பேடு மாட்டும்போதே தொடங்க வேண்டும். ஒரு நோட்டில் நான்கு பத்தி: ஸ்பேடு எண், எந்த ஃபிளாஞ்ச், மாட்டியவர் கையெழுத்தும் தேதியும், எடுத்தவர் கையெழுத்தும் தேதியும். கழற்றிய வால்வு, உருவாத ஸ்பிரிங் பின், தற்காலிகத் தாங்கு எல்லாம் இதே நோட்டில். ஸ்பேடின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு மாட்டி, அதில் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். தூரத்திலிருந்து எண்ணலாம்.

தண்ணீரை வடிக்கும்போது முதலில் உச்சி வென்ட், பிறகு டிரெயின். வடிந்தபின் நோட்டைத் திறந்து கடைசிப் பத்தியை நிரப்புங்கள். மாட்டியது ஏழு என்றால் தரையில் ஏழு கிடக்க வேண்டும். ஆறுதான் இருக்கிறது என்றால், யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம், டார்ச்சை எடுங்கள்.